இளகிய மனசுக்காரர்

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே நின்றிருந்த அக்காவுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. வேலை போகப்போவது அவளுக்கோ அவள் தம்பிக்கோ; அழுவது என்னவோ அவர்.

தலைமை அலுவலகம் ஆள் குறைக்கச் சொல்லிவிட்டதாம். சாவிப் பிரிவில் மற்றவர்கள் வீட்டில் எல்லாம் ஒரே ஒரு சம்பளம்தான் வருகிறதாம். அக்கா, தம்பி என்று இரண்டு பேர் இருப்பது இவர்கள்தான் என்பதால் இருவரில் ஒருவர் போனால் போதுமாம்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட நான் வேலையை விட்டு அனுப்பினது கிடையாதும்மா. இப்பவும் என் வாயால சொல்ல மாட்டேன். நாளைக்குள்ள நீங்களா யோசிச்சு ஒரு முடிவுக்கு வாங்க."

தம்பியிடமும் தனியாகப் பேசப்போவதாகச் சொன்னார். அதுவரை இருவரும் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் மூச்சுவிட வேண்டாம், வீணாக மனஸ்தாபம் வரும் என்றும் சொல்லி அனுப்பினார். அடுத்தவர் வீட்டு நிம்மதியைக்கூட யோசிக்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தபடி அக்கா வெளியே வந்தாள்.

அது பூட்டுத் தொழிற்சாலை. சாவி வெட்டுவது தம்பி. அதைப் பூட்டில் போட்டுத் திருகிப் பார்த்து அனுப்புவது அக்கா. கொஞ்சம் முரண்டினாலும் சாவியை அவன் மேசைக்கே திருப்பி எறிவாள். இது சாவியா, பல் குத்துகிற குச்சியா என்று அவள் கேட்பதும், கோணல் பூட்டுக்கு எந்தச் சாவிதான் சேரும் என்று அவன் முணுமுணுப்பதும் அந்தப் பிரிவின் அன்றாட வேடிக்கை. எலியும் பூனையும் என்றே அவர்களுக்குப் பெயர்.

வாசலில், 'இது தொழிற்சாலை அல்ல, ஒரு குடும்பம்' என்று மேலாளர் பெரிய பலகை மாட்டியிருந்தார். அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு அறையில் மின்விசிறி மட்டும் ரொம்ப நாளாகச் சுற்றுவதில்லை.

மறுநாள் மதியம் அந்தப் புழுக்கத்தில் தம்பி தள்ளிப்போய் உட்கார்ந்தான். கேட்காமலேயே அவள் டப்பாவுக்குள் கையை விடுகிறவன், அன்று பசிக்கவில்லை என்றான்.

"என்னடா, மூஞ்சி தொங்குது? பொண்டாட்டி திட்டினாளா?"

"அவ திட்டினா வழக்கம்தானேன்னு விட்டுடலாம். நீ பேசாம சாப்பிடுக்கா."

அவன் மனைவிக்கு நிறைமாதம். அக்காவின் இரண்டு பெண்களும் படிப்பது அவள் சம்பளத்தில். கணவனுக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எனக்குத் தையல் தெரியும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வேன். இந்தச் சோம்பேறிக்குச் சாவி வெட்டுவதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. இவனை நடுத்தெருவில் விட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பேன்?

சாயங்காலம் ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாக எழுதச் சொல்லி, வாசகத்தையும் அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். படித்து முடித்ததும் அவர் கண் மறுபடியும் கலங்கியது. மணியை அழுத்தினார். அலுவலகப் பெண் போய்த் தம்பியை அழைத்து வந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவன் தலை தானாகக் குனிந்தது.

"உங்க தம்பி மத்தியானமே எழுதிக் கொடுத்துட்டாரும்மா. அக்கா இருக்கட்டும், நான் போறேன்னு ஒரே பிடிவாதம்."

அக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அறிவிருக்காடா உனக்கு? புள்ள பொறக்கப்போற நேரத்துல எவனாவது வேலையை விடுவானா?"

"நீ மட்டும் என்ன கையில வச்சிருக்கே? ரெண்டு பொண்ணுங்களுக்கும் யாரு ஃபீஸ் கட்டுவா, உன் பூட்டா கட்டும்?"

அவனுடையதைக் கிழித்துப் போடச் சொல்லி அவள் கேட்டாள். அதெல்லாம் முடியாது, அக்காவுடையதைத்தான் கிழிக்க வேண்டும் என்று அவன் நின்றான். மேலாளர் இருப்பதையே மறந்து இருவரும் சாவிப் பிரிவில் சண்டை போடுவதுபோலப் போட்டார்கள். நடுவில் அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேலாளர் எழுந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பாசமா என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கல்லும் கரையும் நேரம் அது. அக்காவின் மனத்தில் சின்னதாக ஒரு நம்பிக்கை துளிர்த்தது. இந்த மனிதர் இரண்டு கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடுவார். மேலிடத்தில் எப்படியாவது பேசிச் சமாளித்துவிடுவார்.

"இப்படிப்பட்ட உங்களைப் பிரிக்கிற பாவம் எனக்கு வேண்டாம்மா," என்றார் அவர். "ரெண்டு பேரோடதையும் ஏத்துக்கிட்டேன். சேர்ந்தே போயிட்டு வாங்க."

கும்பிட்டுவிட்டு வாசற்படி தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது என்னவென்று இருவருக்கும் உறைத்தது. அக்கா சட்டென்று திரும்பினாள். கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே மேலாளர் அலுவலகப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். குரலில் தழுதழுப்பு துளிகூட இல்லை.

"கூடப்பிறந்தவங்க நம்மகிட்ட வேற யாரும்மா இருக்காங்க?"