புகார் ஒத்திகை

“கெஞ்சாதேம்மா! திருடினவன் எதிர்ல நிக்கிற மாதிரி நில்லு!” மேசையைத் தட்டினார் ஆங்கிலப் பேராசிரியர்.

முதுகலை மாணவி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை புகார்க் குழுவிடம் அவள் நேரில் பேச வேண்டும். குழுவில் எல்லாரும் வெளிமாநிலத்தவர், யாருக்கும் தமிழ் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறவர் இவர் ஒருவர்தான், இவரை விட்டால் வேறு கதியில்லை.

“ரெண்டு வருஷம் உசிரக் குடுத்து எழுதினேன் சார். திருத்தித் தரச் சொல்லிக் குடுத்தா, வாங்கினவர் அதுல தன் பேரைப் போட்டுக்கிட்டார். இனிமே அதை நான் ஆய்வேடா குடுத்தா, நான்தான் காப்பியடிச்சேன்னு பட்டமே தர மாட்டாங்க.”

“பெரிய ஆளா?”

“ஆமா சார். விட்டுடுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் விடமாட்டேன்.”

“சபாஷ்! விடாதே!” பேராசிரியருக்கே சூடேறிவிட்டது. எந்த மாணவர் எந்த வகுப்பு என்பதெல்லாம் அவர் நினைவில் நிற்காது. ஆனால் சொல்லித்தர உட்கார்ந்துவிட்டால் மனிதர் சோறு தண்ணி மறந்துவிடுவார்.

“முதல்ல நாக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் போடுவோம்” என்று, போன வாரம் வெளிவந்த தன் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். மாணவர்களுக்கான ஆங்கில உரையாடல்கள். “இந்தப் பக்கத்தை வாசி.”

அவள் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே, முழுப் பக்கத்தையும் கடகடவென்று சொல்லி முடித்தாள்.

“பார்த்தியா, என் புத்தகம்னதும் பேச்சு எப்படி வருது!” அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதே வேகத்தில் புகாரையும் ஆங்கிலத்தில் சொன்னாள். நடந்தது என்ன, கையில் என்ன ஆதாரம், கேட்கும் நியாயம் என்ன, ஒன்றையும் விடவில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

“பிரமாதம்! ஆனா அந்த ஆள் யாருன்னு சொல்லவே இல்லியே? அங்கதான் எல்லாரும் பம்முவாங்க. எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் கண்ணைப் பார்த்துச் சொல்லணும். எங்கே, நான்தான் அந்த ஆள்னு வெச்சுக்கோ. சொல்லு!”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“வெச்சுக்கவே வேணாம் சார், நீங்கதான்.”