எட்டு எண்கள்

"அம்மா, உன் பிறந்த நாளைத்தானே போட்டே?"

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மகன் திரும்பாமலேயே கேட்டான். அவள் சட்டென்று கையிலிருந்த கருவியை மடியில் மறைத்துக்கொண்டாள். அது கட்டைவிரல் நீளம்கூட இராது. ஒரு சின்னத் திரை, இரண்டு பொத்தான்கள், அவ்வளவுதான்.

"இல்லையே."

மகன் திரும்பிப் பார்த்தான். "காதைத் தொட்டுப் பாரு, எப்படிச் சிவந்திருக்குன்னு. பொய் சொல்ல உனக்கு இந்த ஜென்மத்துல வராது."

"சரிடா, அதைத்தான் போட்டேன். இப்ப என்ன குடிமுழுகிப் போச்சு?"

"குடிதான் முழுகும். மாத்து."

கைபேசி பழுது பார்க்கும் கடையில் நாலு வருஷம் முதுகு ஒடிய உழைத்து, மிச்சம் பிடித்த காசில் மகன் வாங்கிச் சேர்த்த பிட்காயின் அந்தக் கருவியில்தான் பூட்டிக் கிடந்தது. சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்று சேர்த்தது. அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. கைபேசியில் ஆடும் சூதாட்டத்தில், இரண்டே சாயங்காலத்தில். தொலைத்தவன் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அவன்' என்பதோடு சரி.

"எட்டு நம்பர் போடும்மா. பிறந்த நாள், கல்யாண நாள், வீட்டு நம்பர் எதுவும் வேண்டாம். எல்லாம் அவனுக்கு அத்துப்படி."

"இவ்வளவு யோசிச்சு நான் உனக்குப் பேர்கூட வைக்கலைடா."

மகன் சிரித்துக்கொண்டே மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான். அவள் நாக்கைக் கடித்தபடி, பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எண்ணாக வரவழைத்தாள்.

"ஆச்சு."

"உன் டோக்கன் நம்பர். அதையே ரெண்டு தடவை."

"அடப்பாவி."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மேலங்கிப் பையின்மேல் நாலு இலக்க டோக்கன் எண்ணைத் தைத்திருப்பார்கள்.

"நான் ரெண்டாவது தடவையில கண்டுபிடிக்கறேன். அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும், சொல்லு. மூணு தடவை தப்பாப் போட்டா கருவியில இருக்கறது தன்னால அழிஞ்சிடும்தான். ஆனா அவன் மூணாவது வரைக்கும் போகவே மாட்டான்."

"எனக்கு மறந்துபோச்சுன்னா? உனக்காவது தெரிஞ்சிருக்கட்டுமேடா."

"எனக்குச் சொல்லவே கூடாது. எனக்குத் தெரிஞ்சா அவனுக்கும் தெரிஞ்ச மாதிரிதான். மறந்தாலும் அழிஞ்சாலும் பணத்தை மீட்க இருக்கவே இருக்கு, கருவி காட்டின இருபத்து நாலு வார்த்தையை நீ எழுதி வச்ச தாள்."

அந்தத் தாளை அவள் எழுதியபோதும் மகன் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். அது இப்போது சலவைக்கூடத்தில், அவளுடைய அலமாரியில் பூட்டியிருந்தது.

மறுநாள் வேலையில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. போர்வைகளின் ஓரத்தில் வார்டு எண்ணும் வரிசை எண்ணும் மையால் எழுதியிருக்கும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து கைக்கு வந்த வரிசையில் எட்டுப் போர்வைகளை எடுத்தாள். ஒவ்வொன்றின் கடைசி எண்ணையும் மனசுக்குள் சொல்லிச் சொல்லி மடித்தாள். மடித்து முடிப்பதற்குள் எட்டும் நெஞ்சில் பதிந்துவிட்டன. போர்வைகள் தள்ளுவண்டியில் ஏறி எந்தெந்த வார்டுக்கோ போயின.

அன்று சாயங்காலம் மகன் வரிசையாகப் பன்னிரண்டு ஊகம் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஒரு மாற்றமும் இல்லை.

"தோத்துட்டேன்," என்றான். தோற்றதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். அப்புறம் மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நம்பர் கெட்டியா இருந்தா மட்டும் போதாதும்மா. நீயும் கெட்டியா இருக்கணும். அவன் வருவான்."

"தெரியும்."

"அழுவான். கால்ல விழுவான். இதுதான் கடைசின்னு உன் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுவான்."

"அவனும் நான் பெத்ததுதானேடா."

"அதான் பயமா இருக்கு."

"வந்தா துரத்திடட்டுமா?"

"வேண்டாம். துரத்தாதே. நம்பரை மட்டும் சொல்லாதே."

மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அழைப்பு மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தாள்.

அவன்தான். நெற்றியெல்லாம் வியர்வை. கைபேசியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அம்மா, ஒரே ஒரு தடவை. விட்டதையெல்லாம் இன்னைக்கே பிடிச்சிடுவேன். உன் தலைமேல சத்தியம். அந்த நம்பரை மட்டும் சொல்லும்மா."

சொல்லி முடிப்பதற்குள் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினான். எட்டு எண்களும் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. பல்லைக் கடித்து விழுங்கினாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவன் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அழு. எவ்வளவு வேணும்னாலும் அழு. நான் சொல்லமாட்டேன்."

"நான் உன் பிள்ளைதானேம்மா..."

"அவன் வருவான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னதும் நீதானேடா," என்றாள், அவன் முடியைக் கோதிவிட்டபடி. "எனக்கு இருக்கறது நீ ஒரே பிள்ளை. உங்க ரெண்டு பேரையும் நான்தானே பார்த்துக்கணும்."