காணாமல் போகிற அருக்காணி

"எங்க புள்ள போயிட்டு வர்ற?"

"எங்கயும் போகலைங்க. இத்தன நேரம் உங்க பக்கத்துலதானுங்க பழம் பறிச்சுட்டிருந்தேன்" என்றாள் அருக்காணி.

அண்ணாதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்டாட்டிக்கு ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே! கூடவே இருப்பாள், திடீரென்று காணாமல் போவாள், கொஞ்ச நேரத்தில் முன்னால் வந்து நிற்பாள். மாரமங்கலம் பஸ்ஸிலும் அப்படித்தான், கோயில் கூட்டத்திலும் அப்படித்தான். இன்றைக்குக் காப்பித் தோட்டத்தில் அவள் மறைந்த அதே நேரம் தோட்டக் கணக்கு எழுதுகிற ரைட்டர் லூர்துராஜின் சிரிப்புச் சத்தம் வேறு கேட்டது. போதாதா? வயிற்றெரிச்சலோடு விறுவிறுவென்று நடந்தவன், ஓரமாக இருந்த கூடையில் இடறிப் பழத்தையெல்லாம் கொட்டினான்.

சாயங்காலம் அவள் போனில் கிசுகிசுத்தாள். "அவருக்குத் தெரிய வேண்டாங்க, காரியம் கெட்டுரும். நாளைக்கு வந்துடறேனுங்க."

மறுமுனையில் ஆண் குரல்! லூர்துராஜ் போதாதென்று இன்னொருத்தனா?

மறுநாள், "கண்ணு நொம்ப உறுத்துதுங்க. வாழவந்தி கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றாள்.

"நானும் வர்றேன்."

"சரிங்க" என்றாள் உடனே. என்ன நெஞ்சழுத்தம்! இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, இவளை அம்மா ஊட்டுக்கே பஸ் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்தான்.

ஆஸ்பத்திரி என்பது ஒரே அறை. ஒரு நர்ஸ், ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் தெரிந்தார்.

"வாங்க அருக்காணி! சொன்ன மாதிரியே வந்துட்டீங்களே!"

அதே குரல்! பாவி, பார்க்க லட்சணமாக வேறு இருந்தான்.

"வந்தது வந்தீங்க, நீங்களும் கண்ணைக் காட்டிருங்கண்ணா" என்று நர்ஸ் அவனை மெஷின் முன்னால் உட்கார வைத்து, கண்ணழுத்தம் பார்த்து, உள் கண்ணைப் படம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினாள்.

தலையைத் தூக்கினான். எதிரே அருக்காணி உட்கார்ந்திருந்த நாற்காலி காலி!

"பாத்தீங்களா? மறுபடியும் காணோம்! எங்கய்யா அவ?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினான்.

டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "உங்க தோளை ஒட்டித்தான் நிக்கறாங்க. உங்களுக்குத்தாங்க குளுக்கோமா. நேரா இருக்கறது தெரியும், பக்கத்துல இருக்கறது தெரியாது. போன பார்வை வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்துல காப்பாத்தலாம். கூப்பிட்டா வர மாட்டீங்கன்னுதான் உங்களுக்குத் தெரியாம எங்கிட்ட போன்ல கேட்டாங்க."

அண்ணாதுரை தலையை முழுசாகத் திருப்பினான். அங்கேதான் நின்றிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் எங்கயும் போகலைங்க" என்றாள்.