கடைமடை வரை

அன்று பேரவையின் பார்வையாளர் மாடத்தில் எங்கள் குடும்பத்தார் மூவர் இருந்தோம். நான், என் தங்கை பொன்னாத்தாள், அவள் மகன் வக்கீல் இளம்பரிதி. கீழே, எழுபத்து நான்கு வயதில், என் அண்ணன் சடையப்பர் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

வேறு யாரும் எங்களோடு இல்லை. இருந்ததாகப் பலர் பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

மாநிலத்தைப் பிரிக்கும் மசோதா. அணை புது மாநிலத்துக்கு. அதை நம்பிய எங்கள் வயல்கள் பழைய மாநிலத்துக்கு.

பேரவை கருத்துச் சொல்ல டெல்லி தந்த கெடு அன்றோடு முடிகிறது. மாலை ஐந்துக்கு அவை கலையும். அதுவரை பேசி ஓட்டெடுப்பைத் தடுத்தால், பேரவையின் கருத்து இல்லாமல் மசோதா நின்றுவிடும்.

அப்படித்தான் அண்ணன் நம்பினார். கட்சிக்காரர் பதினொரு பேர் தங்கள் நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் கேட்பதில்லை.

இளம்பரிதி கோர்ட் முடிந்து இரண்டு மணிக்குத்தான் வந்தான். விஷயம் கேட்டதும் முகம் வெளுத்தான்.

"நாம ஒண்ணும் சொல்லாட்டியும் கெடு முடிஞ்சா மசோதா பார்லிமெண்டுக்குப் போயிருமுங்க மாமா. இப்பவே ஓட்டுக்கு விட்டா எதிர்ப்புன்னு பதிவாகும். அதை வச்சுத் தண்ணிக்காவது பேசலாம்."

"அண்ணன் என்னைக்குடா ஒருத்தரைக் கேட்டுச்சு?" என்றாள் பொன்னாத்தாள்.

அவன் அதைச் சீட்டில் எழுதி அவைக் காவலரிடம் கொடுத்தான்.

இரண்டரை மணிக்கு அண்ணன் அதைப் படித்தார்.

மடித்தார்.

சட்டைப் பையில் வைத்தார்.

எதிர்வரிசையில் ஒருவர் கத்தினார். "பெரியவரே, இன்னைக்கு வரைக்கும் அணைத்தண்ணி நம்மளுதுதான். ஒரு வாய் குடிச்சுட்டுப் பேசுங்க!"

அவை சிரித்தது.

அண்ணன் டம்ளரைத் தொடவில்லை. வாய்க்கால்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். தலைமடையிலிருந்து, மதகு மதகாக. எந்த மதகில் எத்தனை ஏக்கர், யார் யார் வயல்.

பதினொரு பேரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

நான்கரைக்கு மேசையைப் பிடித்துக்கொண்டார். குரல் மட்டும் இறங்கவில்லை.

ஐந்து மணிக்குக் கடைமடைக்கு வந்து சேர்ந்தார். மணி அடித்தது. ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

மாடத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டு மாதத்தில் மாநிலம் இரண்டானது. இப்போது ஒவ்வொரு ஆடியிலும் தண்ணீர் கேட்டு அந்தப் பக்கத்துக்கு மனு எழுதுகிறோம்.

சடையப்பருக்குச் சட்டம் தெரியாது, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று ஊரில் பேசுகிறார்கள்.

அது பொய்.

இரண்டரை மணிக்கே அவருக்குத் தெரியும்.