வெற்றிக்குச் சிறகு

ரோமின் நாணயச் சாலையில் அச்சு வெட்டும் ஹெர்மியஸுக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படையின் வெற்றிக்கென்று அடிக்கப்போகும் புதுக் காசின் அச்சில் வெற்றித் தேவதையின் சிறகு எப்படியோ அமைந்துவிட்டது. எழுத்தைத்தான் திருப்பி வெட்டாமல் நேராக வெட்டித் தொலைத்தான்.

"காசுல எழுத்து இடவலம் மாறி விழும்யா. புத்தி எங்க போச்சு?" என்றார் கண்காணி விபியஸ்.

"மகன் அந்தப் படையிலதான் இருக்கான், ஐயா. இவ்வளவு பெரிய வெற்றின்னா நம்ம ஆளுங்களும் நிறைய செத்திருப்பாங்களே."

"உன் மகனுக்கு ஒண்ணும் ஆகலை."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். சீக்கிரம் வெட்டு."

ஹெர்மியஸுக்குப் போன உயிர் வந்தது. "சண்டை முடிஞ்சிருச்சே, எப்ப வருவான்?"

"எங்க முடிஞ்சுது? இந்தக் காசைக் கண்ணுல காட்டினாத்தான் சண்டைக்கே போவோம்னு முகாம்ல உக்காந்திருக்கானுங்க, உன் மகனையும் சேர்த்து."