கயித்தானின் முடிச்சு

தூத்துக்குடிக்குப் போகிற ரோட்டைக் கடல் விழுங்கிய பிறகு, அந்தக் கரைச் சனம் பலகையில் நின்று, காற்றில் இழுத்துப்போகும் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடல்மேல் போய்வந்தது. பலகையெல்லாம் பனியில் சறுக்கப் பண்ணியவை; பனி பெய்வது நின்றுபோன நாடுகளிலிருந்து கப்பலில் வந்தவை. அடியில் மீன்துடுப்பு மாதிரி ஒன்றைப் பொருத்தித் தண்ணீருக்கு ஆக்கியிருந்தார்கள். விழுந்தால், காலைப் பலகையோடு பிடித்திருக்கும் கால்பூட்டு தானே திறந்துகொள்ளும்.

கயித்தானுக்கு அதில்தான் சந்தேகம்.

“பனியில பொறந்ததுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்? பாதி வழியில திறந்துட்டா?”

பூட்டுக்கு மேலே நைலான் கயிற்றால் இரண்டு காலையும் பலகையோடு கட்டி, தன் பேர்போன முடிச்சைப் போட்டுக்கொண்டார்.

மனைவி செலினுக்கு இன்சுலின் வாங்கி, ஐஸ் டப்பாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பியவர், வீட்டுக்கு நேர் எதிரே குப்புற விழுந்தார். பட்டம் தானே இறங்கிக்கொண்டது. “திறந்துவிட்டேன், வெளியே வாருங்கள்” என்றது பூட்டு, மரியாதையாக. முடிச்சு விடவில்லை. பலகை மேலே மிதக்க, நாற்பது வருசம் கடலோடியவர் கழுத்தளவு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கினார்.

கரையில் நின்ற செலின் தன் பலகையில் பாய்ந்து வந்து, கயிற்றை அறுத்து, அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் சொன்ன முதல் பேச்சு, “பாத்தியாட்டி, முடிச்சு அவிழலை!”

“பாத்தேன். அதை டப்பாவுக்குப் போட்டிருக்கலாம்லா? அது இலங்கைக்குப் போய்க்கிட்டிருக்கு.”

அவள் டப்பாவைத் துரத்திப் பறந்தாள். கயித்தான் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கணுக்காலில் மிச்சமிருந்த முடிச்சை, அவள் திரும்பி வரும்வரை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை.