கோப்பையில் சேர்ந்தது

வீட்டில் பவள உயிரி வளர்க்கும் ஐம்பது லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கப் போன நெடுமாறனுக்கு, கடைக்காரர் சேவியர் இரண்டை ஓடவிட்டுக் காட்டினார். இரண்டும் நுரை பொங்கவைத்து, தண்ணீரில் கலந்திருந்த கழிவை மேலிருந்த கோப்பையில் சேர்த்தன. சிறியதில் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் நீர். பெரியதில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக நிறைந்திருந்தது.

"எது நல்லது?"

"உங்க தொட்டிக்குச் சின்னதே போதும் சார்."

"பெருசுதானே நிறைய அழுக்கு எடுக்குது?"

"எடுக்கும் சார். எடுத்துக்கிட்டே இருக்கும்."

பெரியதையே வாங்கினார். பத்தே நாளில், தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்துவிட்டது. கோப்பை தினமும் நிறைந்தது. உள்ளே இருந்த ஒற்றைப் பவள உயிரி மட்டும் வெளுத்துச் சுருங்கிக்கொண்டே வந்தது. சேவியருக்குப் போன் செய்தார்.

"அது திங்கறதுக்குத் தண்ணியில எதுவும் மிச்சம் இல்லையோ என்னவோ சார்."

நெடுமாறன் நிறைந்த கோப்பையைக் கழற்றினார். தொட்டிக்கும் சமையலறை சிங்குக்கும் நடுவில் அதை ஏந்தியபடி நின்றார். மனைவி மாலினி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாறுதுங்க. சீக்கிரம் கொட்டுங்க."

"எதுல?" என்று கேட்டார்.